திருகு வைத்த கோல்

சந்தியாகுபுரம்
பொம்மிடி வழி
8 ஜூன் 2025

அன்புள்ள அண்ணா,

உன் முகவரியை அருள்குமாரிடம் வாங்கினேன். போன் நம்பரும் கொடுத்தான். இரண்டு தடவை அடித்துவிட்டு, மணி போவதற்குள் நானே வைத்துவிட்டேன். போனில் எனக்கு வாய் வராது என்று உனக்குத் தெரியும். எழுதினால் கொஞ்சம் வரும். அதனால் இந்தக் கடிதம். அருள்குமார் தக்காளி லோடோடு கொண்டுவந்து தரும் இந்தச் சாக்குப் பொட்டலமும்.

பொட்டலத்தைக் கடை நடுவில் வைத்துப் பிரிக்காதே. உள்ளே இருப்பது நம் கோயில் கோல்.

போன வாரம் அப்பா பீடத்துக்குப் பின்னால் இருக்கும் அறையில் உட்கார்ந்து கோலுக்கு எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். மணி அடிப்பது, பீடம் துடைப்பது போல, சந்தியாகப்பர் திருவிழாவுக்கு முன்னால் கோயில்பிள்ளையாக அவர் வருஷா வருஷம் செய்வதுதான். நடுவில் மெழுகு கட்டிப்போயிருந்த இடத்தைத் துணியால் இறுக்கிப் பிடித்துத் திருகியிருக்கிறார். கோல் இரண்டாகக் கையோடு வந்துவிட்டது.

அன்று சாயங்காலம், "பாப்பா, வெளக்கமாத்த எடுத்துக்கிட்டு கோயிலுக்கு வா" என்று கூப்பிட்டார். பெருக்கத்தான் கூப்பிடுகிறார் என்று போனேன். கதவைச் சாத்திவிட்டுக் காட்டினார். அதற்குள் ஃபெவிகால் ஊற்றி, ஆணி அடித்து, கை ஒடிந்தவனுக்குக் கட்டுவதுபோல வெள்ளைத் துணி சுற்றி வைத்திருந்தார்.

"எத்தன பேரு கைல இருந்துச்சு, ஒடையல. எங்கையில வந்து ஒடஞ்சிடுச்சு பாப்பா" என்றார்.

அம்மாவுக்குக்கூடத் தெரியாது. அப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை. வயிறு சரியில்லை என்று அம்மா ஓமத்தண்ணீர் வைத்துக் கொடுக்கிறார்கள். அதை மட்டும் மறுக்காமல் குடிக்கிறார். ஜூலை 25 அன்று தேருக்கு முன்னால் இந்தக் கோலைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டியவர் அவர்தான். பரிசலில் காவேரியைக் கடந்து வந்து நம் கோயிலைக் கட்டிய வெள்ளைக்காரச் சாமியார் ஊன்றிவந்த கோல் என்று ஊரே முத்தமிடும் கோல் இது. உடைத்தது அப்பா என்று தெரிந்தால் அடுத்த வருஷம் யார் கையில் கொடுப்பார்கள்? அடுத்த வருஷம் வரை ஏன், அவரே இனித் தொடமாட்டார் போலிருக்கிறது.

நான் கட்டைப் பிரித்துப் பார்த்தேன். உடைந்த இடம் உடைந்த மாதிரி இல்லை. மேல்பாதியின் அடியில், ஆணி சரியாக இறங்காமல் விலகி நின்ற இடுக்கில், மரத்திலேயே மரை வெட்டியதுபோல் தெரிந்தது. அப்போது உன் நினைவு வந்தது. நீ உன் குச்சியை நடுவில் கழற்றிப் பையில் வைப்பாயே, அது.

அப்பாவிடம் சேலத்தில் ஒரு ஆசாரியிடம் கொடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இது என்ன என்று பார்த்துச் சொல். சரிசெய்ய முடிந்தால் செய்து கொடு.

இந்த வீட்டில் உன் பேரை யாரும் சொல்லி மூன்று வருஷம் ஆகிறது. நீயும் ஒரு வரி எழுதவில்லை. என் பட்டமளிப்பு விழாவுக்கு வருவாய் என்று நினைத்திருந்தேன். அதையெல்லாம் இப்போது கேட்கவில்லை.

உன் தங்கை
ஜெனிஷா


பெங்களூரு
14 ஜூன்

ஜெனி,

கடை நடுவில் வைத்துத்தான் பிரித்தேன். நீ சொன்னதைக் கேட்டிருக்கலாம். நான் சிரித்த சிரிப்பில் நாலாம் டேபிளில் ஆடிக்கொண்டிருந்தவன் கறுப்புப் பந்தைத் தவறவிட்டு என்னைக் கன்னடத்தில் திட்டினான்.

உங்கள் கோயில் கோல், மேசைமேல் பந்தை அடித்து ஆடும் குச்சி. கியூ. நான் ஆடும் ஸ்னூக்கர் குச்சிக்குப் பெரியப்பா முறை.

நம்பமாட்டாய் என்று வரிசையாகச் சொல்கிறேன். நடுவில் இருப்பது மரத் திருகு. கழற்றி எடுத்துப்போவதற்காகவே வைத்தது. அடியில் தடித்து நுனிக்கு வரவர ஒரே சீராக மெலிகிறது. எந்த ஊன்றுகோல் அப்படி மெலியும்? எடை அரைக் கிலோ இருக்கும். இதை ஊன்றிக்கொண்டு காவேரியை எவன் கடப்பான்? அடிமுனையில் ஒரு கல் பட்ட தழும்பு இல்லை. அடிப்பாகத்தில் கறுப்பாக மேலே ஏறும் நான்கு தீநாக்கு, பரிசுத்த ஆவியின் அடையாளம் என்று ஞாயிறு மறைக்கல்வியில் நம்மை மனப்பாடம் செய்யவைத்தார்களே, அது கருங்காலி. ஆப்பாகச் சீவி வெளிர்மரத்தில் பதித்து இழைத்திருக்கிறான். நான்கும் ஒரே உயரம் இல்லை. மெஷின் வேலை என்றால் அளவு பிசகாது. இது கைவேலை.

நான் குச்சி பழுதுபார்க்கும் இந்த ஸ்னூக்கர் கடைக்கு வரும் ரிட்டயர்டு ரயில்வேக்காரர் ஒருவர் பழைய குச்சிகளாகச் சேர்க்கிறவர். அவரும் பார்த்தார். பிரெஞ்சுக்காரர்கள் பந்து விழும் பை இல்லாத மேசையில் மூன்று பந்து வைத்து ஆடுவார்களாம், அதற்கானது, வயது நூறுக்குக் குறையாது என்றார்.

சரி. இப்போது என் பங்கு.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அப்பா என்ன சொன்னார், நினைவிருக்கிறதா? பாலிடெக்னிக்கை விட்டுவிட்டு தர்மபுரியில் ஸ்னூக்கர் ஆடிக்கொண்டிருந்தேன். தப்புதான். என் குச்சியைப் பிடுங்கிச் சாக்கடையில் போட்டார். "இந்தக் குச்சியத் தூக்கிக்கிட்டு இனிமே இந்த வாசப்படிய மிதிக்காத" என்றார். நான் மிதிக்கவில்லை.

அவரோ அதே குச்சியைப் பட்டுத் துணியில் சுற்றி, முத்தம் கொடுத்து, தேருக்கு முன்னால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். என் குச்சிக்குச் சாக்கடை, அவர் குச்சிக்குச் சாம்பிராணியா?

சரிசெய்து தருகிறேன். ஆனால் சும்மா தரமாட்டேன். திருவிழா அன்று நானே வருவேன். தேர் புறப்படும்போது மைக்கை வாங்கி இது என்ன என்று சொல்வேன். அப்புறம் அவர் எந்த வாசப்படியை மிதிக்கிறார் என்று பார்க்கலாம்.

ஆண்டோ


சந்தியாகுபுரம்
20 ஜூன்

அண்ணா,

உன் கடிதத்தைக் குளியலறையில் நின்று படித்தேன். நானும் சிரித்தேன். அதைச் சொல்லாவிட்டால் பொய்யாகிவிடும். தீநாக்கு என்று பரீட்சையில் எழுதி நான் முழு மார்க் வாங்கியவள்.

கடைசிப் பத்தியைப் படித்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

உன் பக்கம் நியாயம் இல்லை என்று சொல்லவில்லை. அப்பா செய்தது அதிகம். ஆனால் மைக்கில் நீ சொல்வது அப்பா காதில் மட்டும் விழாது. பூக்கட்டும் ஜானகியம்மாள் நம் மதமே இல்லை, மகளுக்குக் குழந்தை தங்கவேண்டும் என்று வருஷா வருஷம் முதல் ஆளாக வந்து இந்தக் கோலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். இப்போது அந்தப் பேரன் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். கல்லூரியில் முதல் பரீட்சைக்குப் போன அன்று நானும் தொட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினேன். நம் வீட்டில் யாரும் எழுதாத பரீட்சை. எதைத் தொட்டாலும் தேவலை என்றிருந்தது.

இங்கே நிலைமை இதுதான். அப்பா தினமும் வேலை முடிந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல், "ஆசாரி என்னா சொன்னாரு?" என்று கேட்கிறார். "பாத்துக்கிட்டு இருக்காருப்பா" என்கிறேன். "பொழைக்குமா?" என்கிறார். மாட்டுக்குக் கேட்பதுபோலக் கேட்கிறார். ஞாயிறு பூசையில் சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்க எழுந்திருக்கவில்லை. மணி அடித்துவிட்டுக் கதவோரமாகவே நின்றுகொண்டார். அம்மா வழியெல்லாம் என்னைக் கேட்டுக்கொண்டே வந்தார்கள், "ஒங்கப்பாவுக்கு என்னாடி ஆச்சு?" என்று.

அவரிடம் சொல்லவேண்டும் என்றால் சொல். அவரிடம் மட்டும் சொல், முகத்தைப் பார்த்துச் சொல். ஊர் நடுவில் வேண்டாம். உன்னிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை. பட்டமளிப்புக்கு வா என்றுகூட வாய்விட்டுக் கேட்கவில்லை. நீயாக வருவாய் என்று கேட் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். இதை மட்டும் கேட்கிறேன்.

ஜெனிஷா


பெங்களூரு
29 ஜூன்

ஜெனி,

பட்டமளிப்புக்கு வராததற்குக் காரணம் சொல்லிவிடுகிறேன். அன்று மைசூரில் ஒரு போட்டி. முதல் சுற்றிலேயே தோற்றேன். பத்தேகாலுக்குத் தோற்றுவிட்டு வெளியே வந்து டீ குடித்தேன். வந்திருக்கலாம். பெரிய காரணம் ஏதாவது இருந்தால் நன்றாக இருந்திருக்கும். இல்லை.

கோலைப் பற்றி எழுதுகிறேன்.

அப்பா அடித்த ஆணியை எடுக்கவே ஒரு சாயங்காலம் ஆனது. மனுஷன் தேருக்கு அடிக்கும் ஆணியை அடித்திருக்கிறார். திருகில் பாதி மரை நொறுங்கிவிட்டது. அது போகட்டும், ஃபெவிகாலை வெந்நீர் ஒற்றி ஒற்றி இளக்கிச் சுரண்டினேன். சன்னபட்டணாவில் மரப்பொம்மை கடையும் ஒருவரிடம் போய் ஈட்டி மரத்தில் புதுத் திருகு கடைந்து வாங்கிவந்தேன். பழைய குழியில் விட்டுப் பார்த்தேன். இரண்டு சுற்று இறுக்கம், அப்புறம் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. டேபிளில் உருட்டிப் பார்த்தேன். இத்தனை வருஷம் மூலையில் சாத்தி வைத்தும் கோணவில்லை. நம்பாமல் இன்னொரு தடவை உருட்டினேன்.

நுனியில் பித்தளைக் குப்பி இருக்கிறது அல்லவா? மெழுகுவர்த்தி ஏற்ற யாரோ பின்னால் மாட்டியது. அதைக் கழற்றினேன். உள்ளே எலும்பு வளையம், அதன்மேல் தோல். பந்தில் படும் தோல். காய்ந்து சருகாகியிருந்தது. நடுவில் குழிந்து ஓரம் தேய்ந்திருந்தது. ஜெனி, பெட்டியில் வைத்திருந்த குச்சி இல்லை இது. உங்கள் சாமியார் நன்றாக ஆடியிருக்கிறார். கடல் தாண்டி வந்தவர் இதையும் எடுத்து வந்திருக்கிறார். இங்கே மேசை ஏது? யாரோடு ஆடியிருப்பார்? தெரியவில்லை. ஆனால் ஆடாமல் இருக்க முடியாத ஆள் ஒருவர் என்று தெரிகிறது. அந்த மாதிரி ஆளை எனக்குத் தெரியும்.

இப்போது நீ ஒன்று சொல்லவேண்டும். அடியில் ஒரு பிடி வழவழவென்று தேய்ந்திருக்கிறது. அது ஆடியவர் கை. அதற்கு ஒரு முழம் மேலே கறுத்துப்போன இன்னொரு பிடி இருக்கிறது. எண்ணெய், வேர்வை, மெழுகு, சந்தனம் எல்லாம் சேர்ந்து ஏறிய கறுப்பு. பவனியில் தூக்கிப் பிடிக்கும் இடம். முன்னால் பிடித்தவர்கள் யாரோ, கடைசியாக அப்பா. ரயில்வேக்காரர், "அந்த அழுக்கை மொத்தமாகத் தேய்த்து எடு, மரம் தங்கமாக மின்னும்" என்கிறார். குச்சியைச் சரிசெய்கிறவன் அப்படித்தான் செய்வான். உப்புத்தாளைக் கையில் எடுத்தும்விட்டேன். தேய்க்கும் முன் அந்தக் கறுப்பில் கையை வைத்துப் பார்த்தேன். என் விரல் சரியாக உட்கார்ந்தது. அப்பா கையும் என் கையும் ஒரே அளவு என்று எனக்கு இத்தனை நாள் தெரியாது.

உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டேன். எடுக்கவா, விடவா?

மைக் விஷயம், இப்போதைக்கு ஒன்றும் சொல்லமாட்டேன்.

ஆண்டோ


சந்தியாகுபுரம்
6 ஜூலை

அன்புள்ள அண்ணா,

கறுப்பை எடுக்காதே. மற்ற இடங்களைத் துடை.

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். ஆமாம், நான்தான். நீ நம்பமாட்டாய் என்று எனக்கே தெரியும்.

நேற்று பங்குப் பேரவைச் செயலாளர் டேவிட்ராஜ் வீட்டுக்கு வந்தார். "கொடியேத்தத்துக்கு முன்ன கோலுக்கு கோல்டு பெயிண்ட் அடிச்சி, கண்ணாடிப் பெட்டி ஒண்ணும் செஞ்சிரலாம்பா. எடு, அளவெடுக்கணும்" என்றார். அப்பா, "பாலிஷுக்குச் சேலம் போயிருக்குங்க" என்றார். அவர் கோயில் காரியத்தில் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. டேவிட்ராஜ் போனபிறகு அந்தப் பொய் அவர் முகத்திலேயே இருந்தது. அது என்னுடைய பொய். நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

இன்று பூசை முடிந்து பீடத்துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். பின்னால் நின்று, அவர் முதுகைப் பார்த்துச் சொன்னேன். முகத்தைப் பார்த்துச் சொல் என்று உனக்கு எழுதியவள் முதுகைப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது.

"அப்பா, அது ஒடையலப்பா."

"பின்ன?"

"கழண்டுக்கிச்சு. கழட்டி மாட்டுறதுக்குன்னே செஞ்சதாம். பந்து வெளையாடுற குச்சிப்பா அது. அண்ணன் வெச்சிருந்துச்சே, அதும்மாதிரி."

இஸ்திரிப் பெட்டி அப்படியே நின்றுவிட்டது. தீயும் வாசனை வரவும் நானே போய்த் தூக்கி வைத்தேன். துணியில் முக்கோணமாகப் பழுப்பு ஏறிவிட்டது. அப்பா அதைப் பார்க்கவே இல்லை.

"யாரு சொன்னா?"

"அண்ணன். அண்ணங்கிட்டதான் குடுத்தனுப்பினேன். சேலம் ஆசாரி இல்ல."

திட்டுவார் என்று நினைத்தேன். அழுவாரோ என்றும் பயந்தேன். அப்புறம் கேட்டார், "அப்ப சாமியாரு வெளையாடுவாரா?"

"நல்லா வெளையாடுவாராம். தோலு தேஞ்சிருக்குன்னு அண்ணன் எழுதியிருக்கு."

"ஜெயிப்பாரா?"

"அது தெரியலப்பா."

தலையை ஆட்டினார். பிறகு மெதுவாக, கணக்குச் சரிபார்ப்பவர் மாதிரி, "கழட்டுறதுக்குன்னே செஞ்சதுன்னா, நான் ஒடைக்கல" என்றார். "நீ ஒடைக்கலப்பா" என்றேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். மத்தியானம் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டார். அம்மா ஓமத்தண்ணீரால்தான் என்கிறார்கள்.

உன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. சாயங்காலம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே என்னைப் பார்க்காமல், "எப்படிக் கொண்டாருவாங்க?" என்றார். அருள்குமார் வண்டியில் வரும், இரண்டாகக் கழற்றிப் பையில் வைத்து அனுப்பலாம் என்றேன்.

"கழட்டி அனுப்பினா? எனக்கு மாட்டத் தெரியாதே."

"சும்மா திருகறதுதாம்பா."

"அப்படித்தான் திருகினேன் அன்னிக்கும்" என்றார். "மாட்டத் தெரிஞ்சவங்க வந்து மாட்டிக் குடுக்கட்டும்."

வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அண்ணா, அவர் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

ஜெனிஷா


பெங்களூரு
15 ஜூலை

ஜெனி,

உன் கடிதத்தைக் கடையில் மூன்று பேர் இருக்கும்போது படித்துவிட்டு, கண்ணில் சாக்பீஸ் தூள் பட்டுவிட்டது என்று சொன்னேன். யாரும் நம்பவில்லை. நாங்கள் நுனியில் தேய்ப்பது நீல நிறச் சாக்பீஸ். என் கண் சிவப்பாக இருந்தது.

வேலை முடிந்தது. திருகு, எலும்பு வளையம், அப்பா அடித்த ஆணி ஓட்டை எல்லாம் சரி. மெழுகை முழுக்க எடுத்து, ஆளிவிதை எண்ணெய் மூன்று பூச்சு கொடுத்தேன். கருங்காலி இப்போது தனியாகத் தெரிகிறது. மறைக்கல்விப் பிள்ளைகளுக்குத் தீநாக்கு இன்னும் நன்றாகவே தெரியும், பயப்படாதே. கறுத்த பிடியைத் தொடவில்லை. நுனியில் புதுத் தோல் ஒட்டியிருக்கிறேன். பித்தளைக் குப்பி அதன்மேல் சரியாக உட்கார்கிறது. மெழுகுவர்த்தியும் ஏற்றலாம், கழற்றினால் ஆடவும் ஆடலாம். ஒரே ஒரு தடவை ஆடினேன். ஒரு பந்து, ஒரு அடி. சாமியார் கோபித்திருக்கமாட்டார். நேராகப் போனது.

கோல்டு பெயிண்ட் அடித்தால் மட்டும் நான் நிஜமாகவே மைக்கைப் பிடுங்குவேன். டேவிட்ராஜிடம் சொல்லிவை.

ஒரு சந்தேகம். கேட்காமல் வரமுடியாது. குச்சியைத் தூக்கிக்கொண்டு வாசப்படி மிதிக்கக்கூடாது என்பதுதான் உத்தரவு. இந்தக் குச்சியைத் தூக்கிக்கொண்டு வந்தால் மிதிக்கலாமா? எதற்கும் நான் முதலில் கோயிலுக்கு வருகிறேன். 24 அன்று மத்தியானம் பொம்மிடியில் ரயில் இறங்குவேன். அங்கே மாட்டிக் கொடுத்துவிடுகிறேன். அதற்குமேல் அவர் கூப்பிட்டால் பார்க்கலாம். கூப்பிடாவிட்டால் அருள்குமார் வீட்டில் படுத்துக்கொள்வேன். நீ இடையில் பேசவேண்டாம். பேசினது போதும். அதுவே பெரிய விஷயம்.

அம்மாவிடம் மட்டும் சொல். இல்லாவிட்டால் என்னைப் பார்த்ததும் கையில் இருப்பதைப் போட்டு உடைப்பார்கள்.

ஆண்டோ


சந்தியாகுபுரம்
28 ஜூலை

அன்புள்ள அண்ணா,

நீ போய் இரண்டு நாள்கூட ஆகவில்லை. அதற்குள் எழுத விஷயம் சேர்ந்துவிட்டது.

கோயிலில் உனக்கும் அப்பாவுக்கும் என்ன நடந்தது என்று நான் எழுதவேண்டியதில்லை. அம்மாவும் நானும் கதவுக்கு வெளியேதான் நின்றோம். "வலப்பக்கமா? எடப்பக்கமா?" என்று அவர் கேட்டதும், "வலப்பக்கம். மெதுவா. தானா போயி ஒக்காரும்" என்று நீ சொன்னதும் மட்டும் காதில் விழுந்தன. இவ்வளவு நேரம் ஒரு திருகா என்று அம்மா முணுமுணுத்தார்கள். பிறகு நீங்கள் இரண்டு பேரும் வெளியே வந்தபோது, "சோறு ஆறுது, வாங்க" என்று அப்பா பொதுவாகச் சொன்னார். யாரைச் சொல்கிறார் என்று நீ என்னைப் பார்த்தாய். எனக்கும் தெரியவில்லை. ஆனால் வாசப்படியில் அவர் ஒதுங்கி நின்று உன்னை முதலில் விட்டாரே, அதை நான் பார்த்தேன்.

தேருக்கு முன்னால் அவர் கோலைப் பிடித்து நடந்ததை நீயே பார்த்தாய். இது நீ பார்க்காதது. நேற்று பூசைக்கு அப்புறம் பேரவைக் கூட்டம். டேவிட்ராஜ் கோலைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி அப்பாவிடம், "ஏம்பா சவரி, நடுவுல கோடு தெரியுதே. ஒடஞ்சிருச்சா?" என்றார். ஜானகியம்மாள் பூக்கூடையோடு வாசலில் நின்றிருந்தார்கள்.

அப்பா எழுந்துபோய்க் கோலை வாங்கினார். எல்லார் முன்னாலும் இடப்பக்கம் திருகி இரண்டாக்கினார். யாரோ "ஐயோ" என்றார்கள். மறுபடி மாட்டினார். உன்னைவிட அழகாக மாட்டினார் அண்ணா. நீ போன ராத்திரியிலிருந்து எத்தனை தடவை கழற்றி மாட்டிப் பார்த்தார் என்று எனக்குத்தான் தெரியும்.

"ஒடையலங்க. கழட்டி மாட்டுறதுக்குன்னே செஞ்சது. பந்து வெளையாடுற குச்சி. நம்ம சாமியாரு வெளையாடினது" என்றார்.

பங்குச்சாமி ஆரோக்கியராஜ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கு அவர் சிரிப்பை அடக்குவது போலத்தான் இருந்தது. டேவிட்ராஜ், "என்னாப்பா இது, அப்ப அவரு ஊணிக்கிட்டு வந்த கோலு இல்லியா?" என்று குரலை உயர்த்தினார்.

ஜானகியம்மாள்தான் வாசலிலிருந்து சொன்னார்கள். "ஊணிக்கிட்டு வந்திருந்தா வழியோட அதுக்கு வேல முடிஞ்சிருக்கும் சாமி. வெளையாடினதுன்னா தெனமும்ல கையில புடிச்சிருப்பாரு? இதுலதான் அவரு கை ஜாஸ்தி பட்டிருக்கு." சொல்லிவிட்டு உள்ளே வந்து, எப்போதும்போல் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மல்லிகையைப் பீடத்தில் வைத்துவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு கோல்டு பெயிண்ட் பேச்சே எழவில்லை.

டேவிட்ராஜுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. வெளியே வரும்போது, "அது சரி, இத்தினி வருசமா யாருக்கும் தெரியாதத யாருப்பா கண்டுபிடிச்சது?" என்றார்.

அப்பா கோலைப் பட்டுத்துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எம்பையன்" என்றார். "பெங்களூர்ல இதுதாங்க அவன் வேல."

நான் பக்கத்தில் நின்றிருந்தேன். அதை அப்போதே உனக்குச் சொல்லவேண்டும் என்றிருந்தது. வீட்டுக்கு ஓடிவந்து போனை எடுத்தேன். மணி போயிற்று. இந்தத் தடவை நான் வைக்கவில்லை. நீதான் எடுக்கவில்லை. ஆட்டத்தில் இருந்திருப்பாய்.

மறுபடி அடிப்பேன். எடு.

ஜெனிஷா